கீழைநாட்டு ஓவியங்களில் இசைக்கலைஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர் பலர் மொரோக்கோ, எகிப்து, துருக்கி முதலிய நாடுகளுக்குப் பயணம் செய்து அங்குக் கண்டவற்றைத் தீட்டினர். அப்படங்களில் கடைத்தெரு உண்டு, ஒட்டகம் உண்டு. குழலூதுவோரும் பறை கொட்டுவோரும் உண்டு. இவர்கள் உண்மையிலேயே வாசிக்கிறார்களா? அல்லது படத்தின் அழகுக்காக உட்கார்த்தி வைக்கப்பட்டவர்களா?

பிரெஞ்சு ஓவியர் ழெரோம் சுமார் 1879-இல் தீட்டிய 'பாம்பாட்டி' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். சுவரில் பதித்த நீல ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு! ஆனால் அவை இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை ஓடுகள். அரண்மனைக்குள் பாம்பாட்டிக்கு என்ன வேலை? வெவ்வேறு இடத்துப் பொருள்களைப் பாரிஸில் ஒன்றுசேர்த்து அவர் இப்படத்தைத் தீட்டினார். மேலைநாட்டார் கீழைநாடுகளைத் தம் விருப்பம்போல் கற்பனை செய்துகொண்டனர் என்று எட்வர்டு சயீத் 1978-இல் ஒரு நூல் எழுதினார். அதன் அட்டையில் இப்படமே இடம்பெற்றது. ஓடுகளுக்குக் கிடைத்த மதிப்பு, ஓரத்தில் குழலூதும் கிழவருக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தெலக்ருவாவின் கதை வேறு. அவர் 1832-இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவுடன் மொரோக்கோ சென்றார. முஸ்லிம் இல்லங்களின் உட்புறத்தைக் காண அந்நிய ஆடவருக்கு அனுமதியில்லை. யூதக் குடும்பங்களோ அவரை வரவேற்றன. பிப்ரவரி 21-ஆம் நாள் தாஞ்சியர் நகரில் ஒரு யூதத் திருமணத்திற்குச் சென்றார். கையில் குறிப்பேடு! வயலின் வாசிப்பவரின் கட்டைவிரல் எப்படி நிமிர்ந்திருக்கிறது, மற்றொரு கை எப்படி நிழலில் இருக்கிறது என்றெல்லாம் எழுதிக்கொண்டார். மொரோக்கோவில் வயலினை மடியில் நிமிர்த்தி வைத்து வாசிப்பது வழக்கம். (நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து காலின்மேல் சாய்த்து வாசிப்பதில்லையா?) அந்தக் குறிப்புகளைக் கொண்டு தீட்டிய 'மொரோக்கோவில் யூதத் திருமணம்' 1841-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது, இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சுவரோரம் அமர்ந்திருக்கும் வாத்தியக்காரர்கள் வெறும் அலங்காரம் அல்லர். கல்யாண வீட்டில் கூலிக்கு வாசிக்க வந்தவர்கள்.

கீழைநாட்டவரே கீழைநாட்டைத் தீட்டினால்? துருக்கியரான உஸ்மான் ஹம்தி பாரிஸுக்குச் சட்டம் படிக்கச் சென்று ஓவியரானவர். 1880-இல் அவர் தீட்டிய 'இரு இசைப் பெண்கள்' என்னும் படத்தில், ஒருத்தியிடம் நீண்ட கழுத்துடைய தன்பூர். மற்றவளிடம் கஞ்சிராவைப் போன்ற தெஃப். ஓடு பதித்த சுவர், கம்பளம் எல்லாம் இங்கும் உண்டு. இவரும் புகைப்படங்களின் உதவியால் காட்சிகளை அமைத்தவர்தாம். ஆயினும் அப்பெண்கள் முழு உடை அணிந்து, தம் வாத்தியங்களுக்கு உரியவர்களாக இருக்கிறார்கள். வெறும் வேடிக்கைப் பொருள்களாக இல்லை.

இதே உஸ்மான் ஹம்தி 1882-இல் நிறுவப்பட்ட நுண்கலைப் பள்ளிக்குத் தலைவரானார். அங்கே மாணவியருக்கு இடமில்லை. பெண்களுக்கெனத் தனிக் கலைப்பள்ளி, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1914-இல்தான் இஸ்தான்புல்லில் திறக்கப்பட்டது.