இயங்காத விசைக்கு மாற்று விசை

கட்டுரை தட்டச்சிட்டுக்கொண்டிருக்கையில் மடிக்கணினியின் ‘ஏ’ விசை செயலிழந்தது. திருத்த மாத்தளைக்குப் போக வேண்டும். அதுவரை லினக்ஸில் ‘கீடி’ என்னும் பின்னணிச் சேவையை நாடினேன். விசைப்பலகைக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, அழுத்திய விசையை வேறொன்றாக மாற்றி அனுப்பும் சேவை அது. தமிழ்த் தட்டச்சு அதற்குப் பிறகே நடப்பதால் இரு மொழிக்கும் ஒரே மாற்றம் போதும்.

அமைப்புக் கோப்பில் ‘ஐடிஸ்’ தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி. எல்லா விசைப்பலகைகளும் என்பது அதன் பொருள். ‘மெயின்’ தலைப்பின் கீழ் ‘கேப்ஸ்லாக் = ஏ’. யாவும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். இதை எழுதவே ‘ஏ’ வேண்டுமே! பழைய கோப்பொன்றிலிருந்து மவுஸால் பிரதியெடுத்து ஒட்டினேன். சேமித்தபின் ‘ரீலோட்’ கட்டளை கொடுக்காவிட்டால் பழைய அமைப்பே ஓடும்.

கைதவறி என்டரையும் மாற்றியிருந்தேன். அடுத்த கட்டளை போகவில்லை. பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். சேவை நின்றது. கோப்பைத் திருத்தி மீண்டும் தொடக்கினேன்.