குந்துதலும் நொண்டியடித்தலும்: கால் செயற்பாட்டு வினாநிரலைத் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்ப்பதில் எழும் பொருண்மைச் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

நோயாளி தம் காலின் இயங்குதிறனைத் தாமே மதிப்பிட்டுக் கூற உதவும் வினாநிரல்கள் ஆங்கிலத்திலிருந்து இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. பெயர்ப்பின் தகுதியை உறுதிசெய்யப் பின்மொழிபெயர்ப்பும் புள்ளியியல் சோதனைகளும் கையாளப்படுகின்றன. வட்டார வழக்காலும் வேற்றுமை உருபாலும் நேரும் பொருள்மாற்றத்தை இவ்விரண்டும் காணாது விடக்கூடும் என்பதைச் செம்பரம்பாக்கம் சார்ந்த வடதமிழக வழக்கைக் கொண்டும் கன்னடத்தோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வினாநிரல், பின்மொழிபெயர்ப்பு, நம்பகம், வட்டார வழக்கு, வேற்றுமை.

முன்னுரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைக் கடந்தால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் தொடர்கின்றன. இங்குள்ள பணிகள் பலவும் நின்றுகொண்டே செய்வன. கால் முறிவுற்றோ மூட்டுச் சவ்வு கிழிந்தோ சிகிச்சை பெறும் தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்பலாமா என்று முடிவெடுக்க, மருத்துவரின் கண்ணோட்டத்தோடு அவர்தம் சொந்த மதிப்பீடும் வேண்டப்படுகிறது. அம்மதிப்பீடு எந்தச் சொற்களால் கேட்கப்படுகிறது என்பது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று, மொழிச் சிக்கலுமாகும்.

அளவையின் அமைப்பு

ஜில் பின்க்லி, பால் ஸ்ட்ராட்ஃபோர்டு முதலியோர் உருவாக்கிய கால் செயற்பாட்டு அளவை 1999-இல் வெளிவந்தது. அதில் 20 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அறவே செய்ய இயலாமை 0. சிரமம் இன்மை 4. மொத்தம் 80. இரு வேறு நாள்களில் பெற்ற மதிப்பெண்களிடையே 9 புள்ளி வேறுபாடு இருந்தால்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளலாம் என்பது அவர்தம் கணிப்பு. மூன்று வினாக்களைப் பிறழக் கொண்டால் 12 புள்ளிகள் வரை பிழைபட இடமுண்டு என்பது இதனால் பெறப்படும்.

பெயர்ப்பு நெறி

டார்கஸ் பீட்டன் குழுவினர் 2000-இல் வகுத்த நெறி இத்துறையில் பெரிதும் பின்பற்றப்படுகிறது. இருவர் தனித்தனியே பெயர்த்தல், இரண்டையும் இணைத்தல், மூலத்தைப் பாராத இருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்தல், வல்லுநர் குழு ஆராய்தல், 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்தல் என்பன அதன் படிகள். வல்லுநர் குழுவில் மொழி வல்லுநரும் இடம்பெற வேண்டும் என்பது அந்நெறியின் கூறே.

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைக்கிறது. முதனூலின் முடிபோடு ஒத்து, வேண்டும் வேறுபாடுகளையும் கொள்வது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. வினாநிரல் பெயர்ப்புக்கும் இது பொருந்தும். இங்கு ஒத்திருக்க வேண்டிய ‘முடிபு’ சொல்லன்று. அச்சொல் அளக்க விரும்பிய உடலசைவே.

வழக்குச் சொற்களில் பிறழ்ச்சி

*குந்துதல்.* பிட்டம் தரையில் படாமல் முழங்காலை முற்ற மடக்கி அமர்வதைப் பற்றி மூல அளவையில் ஒரு வினா உண்டு. அகராதியை நோக்கும் பெயர்ப்பாளர் ‘குந்துதல்’ என்று எழுதக்கூடும். ஆனால் சென்னை, காஞ்சிபுரம் வட்டாரப் பேச்சில் ‘குந்து’ என்பது உட்கார் என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறது. திண்ணையில் குந்துவதும் குந்துவதே. எனவே முழங்காலை மடக்கவே இயலாதவரும் ‘சிரமமில்லை’ என விடையளிக்கக்கூடும். ‘குத்துக்காலிட்டு உட்கார்தல்’ என்பதும் தரையில் பிட்டம் பதிய முழங்காலை உயர்த்தி அமர்வதைக் குறிக்க வல்லது. கன்னடத்தில் ‘குக்கரகாலு’ என்னும் தனிச்சொல் இந்நிலைக்கு உண்டு. சம்மணத்திற்குச் ‘சக்களமக்களா’ என்பது வேறு சொல். தமிழில் இதனை நிலத்தமைந்த கழிவறையில் அமரும் முறையைச் சுட்டி விளக்குவதே ஐயமற்றது.

*நொண்டியடித்தல்.* ஒற்றைக் காலால் தாவுவதைக் குறிக்கும் வினாவுக்கு இச்சொல் பொருத்தமானதாகத் தோன்றும். சிறார் விளையாட்டில் இதுவே வழக்கு. எனினும் ‘நொண்டுதல்’ கால் ஊனத்தால் சாய்ந்து நடப்பதையும் குறிக்கும். ஏற்கெனவே நொண்டி நடக்கும் ஒருவரிடம் இவ்வினாவைக் கேட்டால் அவர் தம் நடையைப் பற்றியே மறுமொழி கூறுவார். கன்னடத்திலும் ‘குண்ட்டு’ என்பதற்கு இவ்விரு பொருளும் உண்டு. ‘குண்ட்டெபில்லெ’ என்பது அங்குள்ள பாண்டி விளையாட்டு. ‘ஒற்றைக் காலில் குதித்தல்’ என்று விரித்துரைப்பது இரு மொழிக்கும் தக்கது.

*கால்.* இவ்வளவை இடுப்பு மூட்டு நோய்க்கும் உரியது. ‘கால் பிரச்சினையால்’ என்று தொடங்கினால், இடுப்பு மூட்டில் வலியுள்ளவர் தமக்குக் காலில் ஒன்றுமில்லை என்பார். தமிழ் ‘இடுப்பு’, கன்னடச் ‘சொண்ட்ட’ ஆகிய இரண்டும் இடையையும் கீழ்முதுகையும் சேர்த்தே குறிக்கும். ஆதலின் ‘இடுப்பு மூட்டு முதல் பாதம் வரை’ என எல்லை கூறுதல் இன்றியமையாதது.

வேற்றுமை தரும் பொருள் வேறுபாடு

0 மதிப்பெண்ணுக்குரிய விடைத்தொடரும் கருதத்தக்கது. ‘முடியவில்லை’ என்பது தமிழில் இயலாமையையும் நோயுற்ற நிலையையும் குறிக்கும். ‘அவரால் முடியவில்லை’ என்பதில் மூன்றாம் வேற்றுமை இயலாமையைத் தருகிறது. ‘அவருக்கு முடியவில்லை’ என்பதில் நான்காம் வேற்றுமை உடல்நலமின்மையைத் தருகிறது. உருபின்றி ‘முடியவில்லை’ என்று மட்டும் அச்சிட்டால் இரண்டிற்கும் இடமாகும். கன்னடத்தில் நலமின்மைக்கு ‘ஹுஷாரில்ல’ என வேறு சொல் இருப்பதால் ‘ஆகுவுதில்ல’ என்பதில் இம்மயக்கம் குறைவு. தமிழ் வடிவத்தில் ‘என்னால் செய்யவே முடியவில்லை’ என்பது பொருளை வரையறுக்கும்.

வாழ்முறை வேறுபாடு

குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது பற்றிய வினாவைக் ‘குளியலறைக்குச் சென்று வருதல்’ எனப் பெயர்த்தால், அறைக்கு அறை நடப்பது பற்றிய அடுத்த வினாவின் மறுபதிப்பாகிவிடும். மூலவினா அளப்பது உயர்ந்த விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கும் திறனை. காரில் ஏறி இறங்குதலைப் ‘பேருந்தில்’ என மாற்றினால், குனிந்து உடலை மடக்கும் அசைவு படியேறும் அசைவாகிவிடும். ஆட்டோ இதற்கு நெருக்கமானது. காலணி, காலுறை பற்றிய வினாவில் செருப்பை மட்டும் கூறுவதும் பொருந்தாது. செருப்பை நின்றபடியே நுழைக்கலாம். தொழிற்சாலையின் பாதுகாப்புக் காலணியைக் குனிந்து கயிறு கட்டியே அணிய வேண்டும்.

சோதனைகளின் எல்லை

பின்மொழிபெயர்ப்பாளர் இரு மொழியும் கற்றவர். ‘நொண்டியடித்தல்’ என்பதை அவர் தாவுதல் என்றே ஆங்கிலத்தில் தருவார்; மூலத்தோடு அது முற்றும் ஒத்துவிடும். நோயாளி கொண்ட பொருள் அங்கே வெளிப்படாது.

புள்ளியியலும் இதனைக் காட்டித் தருவதில்லை. 1951-இல் லீ கிரான்பாக் வெளியிட்ட ஆல்ஃபா கெழு வினாக்களின் உள்ளிணக்கத்தை அளப்பது. வினாக்களின் எண்ணிக்கை மிகும்தோறும் அதன் மதிப்பும் உயரும். ஆதலின் 20 வினாக்களுள் இரண்டு பிறழ்ந்தாலும் அது உயர்ந்தே நிற்கலாம். மறுசோதனை நம்பகமும் அத்தகையதே. ‘குந்து’ என்பதை உட்கார்தலாகக் கொண்டவர் அடுத்த வாரமும் அவ்வாறே கொள்வார். பிழை நிலைத்திருப்பதால் நம்பகம் உயர்ந்து தோன்றும். மடங்காத முழங்கால் சிகிச்சைக்குப் பின் மடங்கினாலும் முன்னும் 4, பின்னும் 4. அவர் பெற்ற நலம் கணக்கில் ஏறாது. மாறாக, பொய்யாக உயர்ந்த மொத்த மதிப்பெண், ஆறாத காலோடு ஒருவரை வேலைக்கு அனுப்பவும் காரணமாகலாம்.

முடிவுரை

இப்பிறழ்ச்சியை வெளிக்கொணரும் இடம் முன்சோதனையே. அங்கு விடையைக் குறிப்பதோடு அமையாது, ‘இதை எப்படிச் செய்வீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேட்டல் வேண்டும். இயலாதவர் சொல்லால் விளக்கலாம். முன்சோதனைக்குரியவர்கள் வெவ்வேறு வட்டாரத்தினராக இருத்தலும் வேண்டும். எழுத்துத் தமிழில் அச்சிட்ட வினாவைச் செவிலியர் பேச்சுத் தமிழில் படித்துக் காட்டும்போது பொருள் மாறுவதால், பேச்சுவடிவமும் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும்.

வட்டார வழக்ககராதி, வேற்றுமையிலக்கணம், திராவிட மொழி ஒப்பாய்வு ஆகியன தமிழ்த்துறைகளின் நெடுங்காலப் பயிற்சிக்குரியவை. மருத்துவக் கல்லூரியின் வல்லுநர் குழுவில் மொழி வல்லுநருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கை இப்பயிற்சி உடையவரால் நிரப்பப்படுமாயின், ‘குந்து’ என்னும் ஒரு சொல்லால் நேரும் பிழை நோயாளியை எட்டுமுன்னரே களையப்படும்.