ஊற்றைக் காப்பது ஊரின் கடமை



காஷ்மீர் மக்கள் நீரூற்றை 'நாக்' என்பார்கள். அனந்தநாக், வெரிநாக், கோக்கர்நாக் என்று அங்குள்ள ஊர்ப் பெயர்களிலேயே ஊற்று இருக்கிறது. ஜீலம் நதி புறப்படும் வெரிநாக் ஊற்றைச் சுற்றி, 1620இல் முகலாய மன்னர் ஜஹாங்கீர் எண்கோண வடிவில் கல்தொட்டி கட்டுவித்தார். ஆனால் இம்மாதம் நாம் படிப்பினை பெறப்போவது மன்னர் கட்டிய ஊற்றிலிருந்து அல்ல. காசிகுண்ட் அருகே, சாதாரணக் கிராம மக்கள் பேணிவரும் பன்சத் நாக் என்ற ஊற்றிலிருந்து.

முதலில் ஊற்று எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். மலைமேல் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே மெல்லக் கீழிறங்குகின்றன. வெயிலும் குளிரும் எட்டாத ஆழத்தில் ஓடி, அடிவாரத்தில் வெளியே வருகின்றன. அதனால் ஊற்றுநீரின் சூடு ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. கோடையில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். கடுங்குளிரில் அதே நீர் வெதுவெதுப்பாகத் தோன்றும்.

பன்சத் நாக் சுற்றுப்புற ஊர்களுக்குக் குடிநீரும் வயல்களுக்குப் பாசனமும் தருகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில், நெல் நடவுக்கு முன்பாக, சிறுவர் முதல் முதியவர் வரை கூடைகளோடும் வலைகளோடும் ஊற்றில் இறங்குகிறார்கள். மீன் பிடிப்பதும் பாசியையும் களையையும் அகற்றுவதும் ஒன்றாகவே நடக்கின்றன. மீன் வீட்டுக்குப் போகிறது. அடைப்பு நீங்கிய நீர் வயலுக்குப் போகிறது. கூலி கொடுத்து ஆள் வைக்காமல், பயன்பெறும் மக்களே செய்யும் வேலை இது. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பொதுவான பொருளைப் பேணும் பொறுப்பும் பொதுவானதே என்பதை இவர்கள் செயலில் காட்டுகிறார்கள்.

ஆனால் ஊற்றின் வாயைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. 2025 பிப்ரவரியில் அதே அனந்தநாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று வறண்டது. அந்தக் குளிர்காலத்தில் மழையும் பனியும் மிகக் குறைவு. அதை நம்பியிருந்த ஊர்கள் குடிநீருக்குத் தவித்தன. இமயமலைப் பகுதியின் வற்றாத ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டன அல்லது பருவகால ஊற்றுகளாகிவிட்டன என்று நிதி ஆயோக்கின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இதற்குச் சிக்கிம் மாநிலம் ஒரு வழி காட்டியது. 2008 முதல் அங்கே ஊற்றுக்கு மேலுள்ள சரிவுகளில் வரிசையாகக் குழிகள் வெட்டி, ஓடிப்போகும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். வற்றிப்போயிருந்த ஊற்றுகள் சிலவற்றில் மீண்டும் நீர் வந்தது. நீர் வெளிவரும் இடத்தைப் போலவே, நீர் உள்ளே போகும் இடத்தையும் காக்க வேண்டும் என்பதே பாடம்.

நம் ஊர்க் குளத்துக்கும் இது பொருந்தும். குளத்தைத் தூர்வாரினாலும் வரத்துக்கால் குப்பையால் அடைபட்டிருந்தால் தண்ணீர் வந்து சேராது. நம் முன்னோர் குடிமராமத்து என்று ஊர் கூடிச் செய்த வேலை அதுதான். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி, மஹல்லா இளைஞர்களும் அக்கம்பக்கத்துச் சகோதர சமுதாயத்தாரும் சேர்ந்து வரத்துக்காலைச் சுத்தம் செய்வோம். பள்ளிவாசல் கூரையிலும் நம் வீட்டுக் கூரைகளிலும் விழும் மழையைக் கிணற்றடி மண்ணில் இறக்குவோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த கோடையில் நம் பிள்ளைகள் குடத்தோடு லாரிக்காகக் காத்து நிற்கும் நிலை குறையும்.