பள்ளிப்பட்டு வாசகருக்கு: அந்த .22 எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வேட்டைக்கு ஒரு சின்ன ரைஃபிள் வாங்கப் போவதாகவும், .22 வாங்கலாமா, .315 வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்பா போட்ட வேர்க்கடலையைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டதும், தாத்தா முயலும் கௌதாரியும் அடித்துக்கொண்டு வந்ததும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு விஷயம். தனித்தனியாகவே பேசுவோம்.

தாத்தாவின் வேட்டை இனி இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, முயலைச் சுட்டுப் பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயிலைத் தொட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. சுட்ட துப்பாக்கியும் அரசுக்குப் போய்விடும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இன்று மிச்சமிருக்கும் கௌதாரிக் கூட்டம் உங்கள் தாத்தா பார்த்ததில் எத்தனை பங்கு என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பன்றி விஷயம் அப்படி அல்ல. அது வயிற்றுப்பாடு. கடலை முற்றும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் விதைக் காசுகூடத் தேறாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு .22 ஆகாது. அதன் குண்டு சுமார் 2.6 கிராம்தான். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் தடித்த தோலும் கொழுப்பும் கேடயம்போல இருக்கும். அங்கே பட்டால் பன்றி சாகாது. காயத்தோடு கரும்புக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கரும்பு வெட்ட வரும் ஆள்மேல்தான் அது பாயும். குறி தவறிய குண்டோ ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் ராத்திரியிலும் தறி ஓடுகிற வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், தட்டையான வயலில், குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விசையை அழுத்தக் கூடாது.

.315-க்கு வலு உண்டு, பன்றி விழும். கல்கத்தா அருகே இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அதைப் பல காலமாகச் செய்துவருகிறது. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அனுமதி வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. நம் ஊர்களில் பலரும் குழம்பி வழக்கில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். முதல் அனுமதி 1959 ஆயுதச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தருவது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமம் கையில் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிட முடியாது. அது வனத்துறையின் அதிகாரம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதில் ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரின் உத்தரவோடு உரிமம் உள்ளவர்களே சுடுகிறார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. மலையடியில் நிலம் வைத்திருப்பவருக்கு இந்த மூன்று கிலோமீட்டர் கணக்கு பெரிய ஏமாற்றம்தான். பன்றி அதிகம் வருவதே அங்கேதான். அதற்குப் பதில் தரவேண்டியது அரசு: அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வந்து சேரும் இழப்பீடு. அதைக் கேட்டு நீங்கள் சண்டை போட்டால் நான் உங்கள் பக்கம். அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை வைப்பதும் கம்பத்திலிருந்து நேராக ஒயர் இழுப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம். மாடு சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷன் சாகிறான்.

இனி நீங்கள் கேட்ட .22-க்கு வருகிறேன். அதற்கு நம் நாட்டில் நேர்மையான ஒரு வேலை இருக்கிறது, அது காகித இலக்கு. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் கிளப்பின் உறுப்பினர், குறி பழகுவதற்காக .22 ரைஃபிள் கேட்டால் உரிமம் தரவேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே இருக்கிறது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியது இந்த .22-ல்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2012-ல் லண்டனில் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூர்ப் பிள்ளை.

ஆசை உண்மையானதாக இருந்தால் .177 ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உள்ளதற்கு உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு குருவி அடிப்பதும் வேட்டைதான், தம்பி. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில் ஜனங்கள் தங்கள் ஏர்கன்களைத் தாங்களாகவே கொண்டுவந்து அரசிடம் ஒப்படைத்தார்கள், காடு மௌனமாகிவிட்டது என்பதற்காக.

கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. சென்னையில் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்து, அங்கே இருக்கும் துப்பாக்கிகளை முதலில் எடுத்துப் பாருங்கள். தோளில் வைத்ததும் கழுத்தை வளைக்காமல் கண் குறிக்கு நேராக வரவேண்டும். கட்டை நீளமாக இருந்தால் வெட்டலாம், குட்டையாக இருந்தால் அட்டை வைத்து நீட்டலாம். ஆனால் கரகரவென்று இழுபடும் விசையைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபடுகிறதா என்று பாருங்கள். பத்து மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். அங்கே குழலைவிட விசையும் மூச்சும்தான் பேசும். போட்டி ஏர் ரைஃபிள் ஐந்தரை கிலோவைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்பு என்றால் அதற்கும் குறைவாக எடுங்கள்.

.22-க்கு வரும்போது மற்ற வேலைகள் உண்டு. பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

அதற்கெல்லாம் அவசரம் இல்லை. பன்றிக்குத்தான் அவசரம். இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கி, சேதமான கடலை வயலைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பி வராதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்