ஸர் வில்லியம் ஆஸ்லர்: வைத்தியரும் சரித்திரமும்

நோயாளி கட்டிலிற் கிடக்க, வைத்தியன் பழைய ஏடுகளைப் புரட்டுவதால் ஆவதென்னை என்று மாணவர் வினவுதல் இயல்பே. அதற்கு ஸர் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கையே விடையாகும்.

1849-இற் கனடாவிற் பிறந்த இவர், 1889-இற் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். மாணவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திக் கற்பித்தார். மறு ஆண்டே அங்கு வைத்திய சரித்திரக் கழகம் தோன்றத் துணைநின்றார். 1905-இல் ஆக்ஸ்போர்டுச் சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

உண்மை மெல்லவே வளர்வதென்பதை, குருதிச் சுழற்சியைக் கண்ட ஹார்வியின் சரித்திரங்கொண்டு, 1906-இல் இலண்டனில் ஆற்றிய பேருரையில் விளக்கினார். ஈரலிலே பிறக்குங் குருதி உறுப்புக்களிற் சென்று செலவாகுமென்னும் காலெனின் கொள்கை ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் கோலோச்சியது. அரைமணிப் பொழுதில் இதயம் வெளிப்படுத்துங் குருதியைக் கணக்கிட்ட ஹார்வி, அஃது உடலிலுள்ள குருதி முழுவதினும் மிகுதியாதல் கண்டு, குருதி சுழல்கின்றதென 1628-இல் நிறுவினார்.

பேராசான்களும் பிழைப்பரென்று அறிந்தவர் தம் அறிவின் எல்லையையும் மறையார். நிமோனியா சுரத்தை இடையிலே தடுக்கவல்ல மருந்து யாதுமில்லையென 1892-இல் வெளியிட்ட தம் பாடநூலில் ஆஸ்லர் ஒளியாது எழுதினார். அந்நோயின் விளைவாகவே 1919-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய ஏறக்குறைய 8,000 நூல்கள், அவர் பயின்ற மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்தன.

கற்றது பொய்ப்படினும் கலங்காது திருத்திக்கொள்ளும் பணிவே சரித்திரம் வைத்தியனுக்கு அளிக்கும் மருந்தாகும்.