மடிக்கணினியில் படம் பார்ப்போருக்கு

இக்காலத்து மடிக்கணினிகளில் தட்டைச் செருகும் வசதி அநேகமாக இல்லாதொழிந்தமையால், பழைய டிவிடிகளைப் பெட்டியில் பூட்டிவைத்து வருந்துவோர், யூஎஸ்பி வழியே இணையும் டிரைவ் ஒன்றை வாங்கிக்கொள்வது உத்தமம். ஓட்டிப் பார்க்க இலவசமாய்க் கிடைக்கும் விஎல்சி போதும். வெளிநாட்டிலிருந்து தருவித்த தட்டாயின் ஜாக்கிரதை: தட்டின் பிராந்திய எண் டிரைவின் எண்ணோடு பொருந்த வேண்டும்; இந்தியாவுக்குரிய எண் 5, டிரைவில் அவ்வெண்ணை 5 முறைக்கு மேல் மாற்ற இயலாது. தூசு படிந்த தட்டை, மெல்லிய துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டுமேயன்றி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் வட்டமாகத் தேய்த்தல் ஆகாது. பதிவின் தடத்தை ஒட்டி விழும் கீறலே படத்தை நிறுத்திவிடும். ரயில் பிரயாணத்திலோ, சுழலும் மோட்டார் பாட்டரியை விரைவில் தீர்த்துவிடுமாதலால், படத்தைக் கணினியில் கோப்பாக வைத்துப் பார்ப்பதே சிலாக்கியம். ஆயினும் ஹார்ட் டிஸ்க் ஒன்றையே நம்பியிராமல், இன்னொரு பிரதியை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.