சுமத்திரா சூறைக்காற்றை முன்னறிவது எப்படி?

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு, விடியற்காலையில் திடீரெனப் பலத்த காற்றும் இடியும் மழையும் சேர்ந்து வருவது புதிதன்று. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் இதனைச் 'சுமத்திரா சூறைக்காற்று' என்பர். இதை எவ்வளவு முன்னதாக அறிய முடியும்?

முதலில் அது உருவாகும் விதத்தைக் காண்போம். இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. சுமத்திராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் வீசும் குளிர்ந்த நிலக்காற்றுகள் மலாக்கா நீரிணையில் சந்திக்கின்றன. அங்குள்ள வெப்பமான, ஈரமான காற்று மேலெழுந்து இடிமேகங்களாகிறது. அம்மேகங்கள் நீண்ட வரிசையாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று முன்னால் பரவுவதால்தான், மழைக்கு முன்பே காற்று நம்மைத் தாக்குகிறது.

முன்னறிவிப்பில் இரண்டு படிகள் உள்ளன. முதற்படி, முந்தைய நாள் கணிப்பு. காற்றின் ஈரப்பதம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றைக் கணினி மாதிரிகளில் இட்டு வாய்ப்பை மதிப்பிடுகின்றனர். எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று இப்படியில் உறுதியாகக் கூற இயலாது.

இரண்டாம் படி, ராடார் வழி கண்காணிப்பு. மேகவரிசை 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், நமக்குக் கிடைப்பது 2 மணி நேரம். அது நீரிணையின் நடுவிலேயே உருவானால் அந்த நேரமும் குறையும். இதனால்தான் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை ஒவ்வொன்றும் 6 மணி நேரத்திற்கு மிகாமல் வெளியிடப்படுகிறது.

விடியலில்தான் வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2024 செப்டம்பர் 17ஆம் நாள் சிங்கப்பூரைத் தாக்கிய சூறைக்காற்று மாலையில் வந்தது. தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது. மரங்கள் பல சாய்ந்தன.

எச்சரிக்கை விடுத்தும் மழை வராத நாள்கள் உண்டு. "பொய்த்துவிட்டது" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு என்றால், மூன்று பங்கு வராமலும் போகலாம் என்பதே பொருள். அதற்காக அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தால், படகில் இருக்கும் மீனவருக்கும் திடலில் இருக்கும் மாணவருக்கும் அது உயிராபத்தாக முடியலாம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவானால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உள்ளது. உடனே கட்டடத்திற்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். கணிப்பது வானிலையாளர் கடமை. காத்துக்கொள்வது நம் கடமை.